ராத்திரி 12 மணிச் சங்கு: சர்வாதிகாரத்தின் கீழ் தென் கொரிய வாழ்க்கை

கேள்வி இது: "ஒரு சர்வாதிகாரி இருபது வருடம் கையில் பிடித்து வைத்திருந்ததால்தான் தென் கொரியா இன்று இந்த நிலையில் இருக்கிறது என்கிறார்கள். அந்த இருபது வருடமும் அங்கே வாழ்ந்த சாதாரண ஜனங்களுக்கு எப்படி இருந்தது? அவர்களால் வெளிநாடு போய்வர முடிந்ததா?"

கேள்வியின் முதல் பாதியை நம் ஊர் டீக்கடையில் யாரும் கேட்டிருக்கலாம். வழக்கமாக "நமக்கும் அப்படி ஒரு ஆள் வரணும் சார்" என்று முடியும். இரண்டாம் பாதியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதனால் அதிலிருந்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கொரியாவில் சர்வாதிகாரம் என்றாலே பலருக்கு வட கொரியா நினைவுக்கு வரும். தெற்கிலும் 1987 வரை ஜனநாயகம் பெயருக்குத்தான். 1948 முதல் ஆண்ட சிங்மன் ரீ, தேர்தல் மோசடிக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கியதும் 1960 ஏப்ரலில் பதவியை விட்டுவிட்டு ஹவாய்க்குப் போய்விட்டார். ஒரு வருடம் நாடு மூச்சு விட்டது. 1961 மே 16 விடியற்காலை மேஜர் ஜெனரல் பார்க் சுங் ஹீ படையோடு சியோலுக்குள் நுழைந்தார். 1979 வரை அவர். அப்புறம் இன்னொரு ஜெனரல், சுன் டூ ஹ்வான், 1988 தொடக்கம் வரை. கேள்வியில் உள்ள 'சர்வாதிகாரி' பார்க் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அன்றாட வாழ்க்கையை ராத்திரியில் தொடங்கலாம். நள்ளிரவு 12 மணிக்குச் சங்கு ஊதும். காலை 4 மணி வரை வெளியே யாரும் நடமாடக் கூடாது. 1945இல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் கொண்டுவந்த ஊரடங்கு இது. கொரியப் போர் வந்து போயிற்று, ஆட்சிகள் மாறின, ஊரடங்கு மட்டும் 1982 ஜனவரி வரை, முப்பத்தாறு வருடத்துக்கும் மேல் இருந்தது. பதினொன்றரைக்கு மேல் கடைசி பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் அடிதடி. சிக்கினால் விடியும் வரை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாளும் வருடக் கடைசி நாளும் விலக்கு. அந்த இரண்டு ராத்திரியும் இளைஞர்கள் சியோல் தெருக்களை நிரப்பிவிடுவார்கள். நள்ளிரவுக்கு மேல் தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது.

பகலில் தலைமுடி. 1973இல் சிறு குற்றங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, ஆண்கள் நீளமாக முடி வளர்ப்பதையும் பெண்கள் குட்டைப் பாவாடை போடுவதையும் குற்றமாக்கினார்கள். போலீஸ்காரர் கையில் கத்தரிக்கோலும் அளவுகோலும். பையன்களைத் தெருவிலேயே நிறுத்தி முடியை வெட்டுவார்கள். பெண்களுக்கு முழங்காலிலிருந்து பாவாடை விளிம்பு வரை அளவெடுப்பார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இந்தக் காட்சி நிறையவே இருக்கிறது. பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

சாயங்காலம் கொடி. 70களின் பிற்பகுதியிலிருந்து தினமும் கொடி இறக்கும் நேரத்தில், கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 5 மணி, ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். தெருவில் போகிறவர் எல்லாம் நின்று, கொடி இருக்கும் திசையைப் பார்த்து நெஞ்சில் கை வைக்க வேண்டும். பள்ளி விட்டு ஓடும் பிள்ளை, காய்கறிக்காரம்மா, குடித்துவிட்டு வருகிறவர், எல்லோரும் சிலைபோல் நிற்பார்கள். சினிமாவிலும் படம் தொடங்குமுன் கீதம் உண்டு. (அது நமக்குப் புதிதில்லை.) இந்த 6 மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சாப்பாடு. இதை நான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அரசாங்கம் ஒருவர் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் வர முடியும் என்பது சோற்றுப் பாத்திரத்தில்தான் தெரியும்.

அரிசி பற்றாக்குறை. நமக்கு வந்ததுபோலவே அவர்களுக்கும் அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கோதுமை வந்தது. அரசு அரிசியைக் குறை, மாவுப் பண்டம் தின் என்றது. 1969 முதல் புதனும் சனியும் 'அரிசி இல்லாத நாள்'. உணவகங்களில் பகல் நேரத்தில் சோறு விற்கக் கூடாது, மற்ற நாளில் சோற்றோடு பார்லி மாதிரி வேறு தானியம் கலந்தே ஆக வேண்டும். பள்ளியில் மதிய இடைவேளையில் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் டிபன் பாக்ஸையும் திறக்கச் சொல்வார். வெள்ளைச் சோறு மட்டும் இருந்தால் திட்டோ அடியோ விழும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அடியில் வெள்ளைச் சோற்றை வைத்து மேலே மட்டும் பார்லியைத் தூவிக்கொண்டு போனார்கள். மக்கொல்லி என்று கள் போன்ற ஒரு அரிசி மது, கிராமத்துக்காரர்களின் உயிர். அதை அரிசியில் காய்ச்சக் கூடாது என்று 60களில் வந்த தடை 1977 வரை நீடித்தது. கோதுமை மாவில்தான் காய்ச்ச வேண்டும். வீட்டில் ரகசியமாகக் காய்ச்சுகிறார்களா என்று வரித்துறை ஆட்கள் வந்து வைக்கோல் போரைக் குத்திப் பார்ப்பார்கள்.

பஞ்சத்தைத் தீர்க்க வந்த நெல்லில் நமக்குச் சொந்தமான ஒரு பெயர் வருகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சியோல் பேராசிரியர் ஹியோ முன் ஹோ ஒரு ஒட்டுரகம் உருவாக்கினார். அதன் பெற்றோரில் ஒன்று ஐ.ஆர்.8, நம் டெல்டாவில் 60களின் கடைசியில் பேச்சாக இருந்த அதே நெல். கொரியாவில் வைத்த பெயர் 'தோங்கில்', ஒன்றிணைப்பு என்று பொருள். விளைச்சல் கொட்டியது, 1977இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தார்கள், மக்கொல்லிக்கும் விடுதலை கிடைத்தது. ஆனால் ஜனங்களுக்கு அந்தச் சோறு பிடிக்கவில்லை. நமக்குச் சோறு உதிரியாக இருந்தால் நல்ல சோறு, அவர்களுக்கு ஒட்டினால்தான் சோறு. பழைய ரகத்துக்கு நாற்றங்கால் போட்ட விவசாயியின் வயலில் அதிகாரிகள் இறங்கி மிதித்து நாசம் செய்த சம்பவங்களும் நடந்தன. 1978இல் குலைநோய், 1980இல் கடும் குளிர், இரண்டும் சேர்ந்து தோங்கிலை வீழ்த்திவிட்டன. பசியைத் தீர்த்ததும் உண்மை, நாற்றை மிதித்ததும் உண்மை. கொரியாவில் இந்தக் காலத்தைப் பற்றி வயதானவர்கள் பேசும்போது ஒரே வாக்கியத்தில் பெருமையும் கசப்பும் கலந்து வருவது இதனால்தான்.

எலி பிடிக்கும் இயக்கத்தையும் விட்டுவிட மனமில்லை. தானியத்தைத் தின்னும் எலியை ஒழிக்க நாடு முழுக்க ஒரே நாளில் மருந்து வைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அத்தாட்சியாக எலி வாலைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும். வால் கிடைக்காத பிள்ளைகள் கணவாய் மீனின் காலைக் கருக்கி எலி வாலாக்கிக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்தத் தலைமுறை அதைச் சொல்லிச் சிரிக்கும்.

சரி, இதுவரை சொன்னது தொல்லை. பயம் வேறு கணக்கு.

1968 ஜனவரி 21 அன்று வட கொரிய அதிரடிப்படையினர் 31 பேர் ஜனாதிபதி மாளிகைக்குச் சில நூறு மீட்டர் தூரம் வரை வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வருடக் கடைசியில் வயதுவந்த குடிமக்கள் எல்லோருக்கும் எண்ணும் கைரேகையும் கொண்ட அட்டை வந்தது. நம் ஆதாருக்கு நாற்பது வருடம் முன்பு. முதல் எண் பார்க்குக்கே: 110101-100001. 1972 அக்டோபரில் ராணுவச் சட்டம் போட்டு, 'யூசின்' என்று ஒரு புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் இருக்கலாம், நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை அவர் நியமிக்கலாம். இந்தச் சட்டத்தைக் குறை சொல்வதே குற்றம் என்று அவசர ஆணைகள் வந்தன. 1975 மே மாதம் வந்த ஒன்பதாவது ஆணைதான் கொடுமையானது. குறை சொன்னால் மட்டும் குற்றமில்லை, ஒருவர் குறை சொன்னார் என்று செய்தி போட்டாலும் குற்றம்.

யாரைப் பிடித்தார்கள்? மாணவர் தலைவர்களையும் பாதிரியார்களையும் பிடித்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். பின்னாளில் 2007இல் உண்மை கண்டறியும் ஆணையம் இந்த அவசர ஆணை வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்டப் பாதி, குடிக்கும்போது பேசியதற்கும் வகுப்பில் பேசியதற்குமான வழக்குகளாக இருந்தன. விலைவாசி ஏறிப்போச்சு, இந்த ஆள் போகவே மாட்டானா, இவ்வளவுதான் பேச்சு. மக்கள் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: 'மக்கொல்லிப் பாதுகாப்புச் சட்டம்'. பக்கத்து மேஜைக்காரன் யார் என்று பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் அப்போது வந்தது.

1975 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் எட்டுப் பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. வட கொரியாவின் சொல்படி கட்சி கட்டினார்கள் என்று வழக்கு. மறுநாள் விடியற்காலையே எட்டுப் பேரையும் தூக்கிலிட்டுவிட்டார்கள். குடும்பத்தினர் காலையில் சிறைக்குப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. 2007 ஜனவரியில் மறுவிசாரணை நடந்து எட்டுப் பேரும் நிரபராதிகள் என்று தீர்ப்பு வந்தது. முப்பத்திரண்டு வருடம் அவர்கள் பிள்ளைகள் 'சிவப்பன் பிள்ளை' என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

இனி முன்னேற்றம். 1964இல் நாட்டின் ஏற்றுமதி 10 கோடி டாலர், 1977இல் ஆயிரம் கோடி டாலர். பிரமிக்க வைக்கும் கணக்கு, யாரும் மறுக்க முடியாது. பார்க் கெட்டிக்காரர் என்பதையும் நான் மறுக்கவில்லை. இந்த ஏற்றுமதியை யார் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

சியோலில் சொங்கேசோன் ஓடைக்கரையில் பியோங்வா சந்தை. துணி தைக்கும் பட்டறைகள். ஒரே தளத்தை நடுவில் பலகை அடித்து இரண்டு மாடியாக்கியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. 13, 14 வயதுப் பெண்பிள்ளைகள் உதவியாளர்களாக ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் வேலை. அங்கே துணி வெட்டும் வேலையில் இருந்தவர் ஜியோன் டே இல். பசியோடு இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தன் பஸ் காசில் மாவுப் பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர்க்கோடியில் இருந்த வீட்டுக்கு நடந்தே போவார். நடந்து போகும் வழியில் 12 மணிச் சங்கு ஊதிவிட்டால் போலீஸ் சாவடியில் ராத்தங்கல்.

தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1953 முதலே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. புத்தகம் வாங்கினார். அப்போது கொரியச் சட்டப் புத்தகங்களில் சீன எழுத்துகள் நிறைய இருக்கும். சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவருக்குப் புரியாது. படித்துச் சொல்ல ஒரு கல்லூரி மாணவன் நண்பனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். மனு கொடுத்தார், சர்வே எடுத்தார், ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு சந்தைத் தெருவில் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். "நாங்கள் இயந்திரம் இல்லை" என்று கத்திக்கொண்டே எரிந்தார். வயது 22. தான் முடிக்காததை நீ முடி என்று தாயிடம் சொல்லிவிட்டு அன்றிரவு இறந்தார். தாய் லீ சோ சன் 2011இல் சாகும் வரை அதைச் செய்தார். கொரியத் தொழிலாளர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 'கல்லூரி நண்பன் இல்லையே' என்ற அந்த ஒரு வரி எத்தனையோ மாணவர்களை உலுக்கியது. பின்னால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிப்பை மறைத்துக்கொண்டு ஆலை வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு ஏற்றுமதிப் பொருள் விக். 1965இல் அமெரிக்கா கம்யூனிச சீனாவின் தலைமுடி உள்ள விக்கைத் தடை செய்தது; அந்தச் சந்தை கொரியாவுக்கு வந்தது. கிராமத்துப் பெண்கள் சடையை வெட்டி விற்றார்கள், நகரத்துப் பெண்கள் அதைப் பின்னினார்கள். ஒய்.எச். என்ற விக் நிறுவனம் 1979இல் மூடப்பட்டபோது, அதன் பெண் தொழிலாளர்கள் சுமார் 190 பேர் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 11 விடியுமுன் போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது. கிம் கியோங் சுக் என்ற 21 வயதுப் பெண் இறந்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் சங்கிலி. எதிர்க்கட்சித் தலைவர் கிம் யோங் சாம் கண்டித்துப் பேசினார்; அக்டோபர் 4இல் நாடாளுமன்றத்திலிருந்து விலக்கினார்கள்; அவருடைய ஊரான புசானிலும் மாசானிலும் ஜனங்கள் கொதித்தார்கள்; அதை எப்படி அடக்குவது என்று ஆட்சிக்குள்ளேயே சண்டை. அக்டோபர் 26 இரவு விருந்தில் உளவுத்துறைத் தலைவரே பார்க்கைச் சுட்டுக் கொன்றார். விக் பின்னிய பெண்களின் உட்காருபோராட்டத்துக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இடையில் இரண்டரை மாதம்.

இப்போது வெளிநாடு. சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஒரு சாதாரண கொரியர் பாஸ்போர்ட் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி வெளியே போகும், ஆளும் மனம் மாறுவான் என்று அரசுக்கு இரண்டு பயம். அதே அரசு ஆட்களை லட்சக்கணக்கில் வெளியே அனுப்பவும் செய்தது. டாலரோ ஜெர்மன் மார்க்கோ கொண்டுவருகிறவனுக்குக் கதவு திறக்கும். கேள்வி கேட்டவருக்கு என் பதிலின் சாரம் இதுதான்: கதவு இருந்தது, சாவி அரசின் இடுப்பில்.

1963 டிசம்பரில் முதல் குழு மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனது. 1977 வரை ஏறத்தாழ 8,000 ஆண்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நர்ஸுகளாகவும் உதவியாளர்களாகவும் போனார்கள். சுரங்க வேலைக்குப் போட்டி போட்டவர்களில் பட்டதாரிகளும் உண்டு. மெல்லிய கை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று கரியில் கையைத் தேய்த்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். பூமிக்கு ஆயிரம் மீட்டர் கீழே போய்தான் அவர்கள் முதன்முதலாகச் சுரங்கத்தைப் பார்த்தார்கள். நர்ஸுகளுக்கு வேறு அதிர்ச்சி. ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் படித்துவிட்டுப் போனவர்கள் அங்கே நோயாளியைக் குளிப்பாட்டவும் படுக்கை மாற்றவும் வேண்டியிருந்தது.

1964 டிசம்பரில் பார்க் ஜெர்மனி போனார். சொந்த விமானம் இல்லை, ஜெர்மானியர்கள் அனுப்பிய விமானம். ஹம்போர்ன் சுரங்கத்தில் கொரியர்கள் முன்னால் பேச எழுந்தார். தேசிய கீதம் பாடும்போதே கூட்டம் அழத் தொடங்கி, அவரும் அழுதுவிட்டார். இது நடந்தது. இந்தத் தொழிலாளர்களின் சம்பளத்தை அடகு வைத்துத்தான் ஜெர்மன் கடன் வாங்கினார்கள் என்று இதோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். அது தவறு என்று கொரியாவின் உண்மை ஆணையமே சொல்லிவிட்டது. கதை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

70களின் நடுவில் ஜெர்மனியில் வேலை குறைந்ததும் நர்ஸுகளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி, ஜெர்மானியர்களையே திரட்டி, தங்கும் உரிமையை வாங்கினார்கள். சொந்த ஊரில் வாய் திறந்தால் சிறை என்று இருந்த காலத்தில், அந்நிய ஊரில் போராடிப் பழகினார்கள்.

வியட்நாமுக்குப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல், படைவீரர்களாக. சுமார் 5,000 பேர் திரும்பவில்லை. அமெரிக்க டாலரும் ஒப்பந்தங்களும் வந்தன. பல பெரிய நிறுவனங்கள் அங்கே தடித்தன. ஃபோங் நி கிராமத்தில் 1968 பிப்ரவரி 12 அன்று கொரியப் படையினர் எழுபதுக்கும் மேற்பட்ட கிராமத்தாரைக் கொன்றார்கள். அப்போது எட்டு வயதுச் சிறுமியாகப் பிழைத்த நுயென் தி தான் சியோல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2023இல் கொரிய அரசே பொறுப்பு என்று தீர்ப்பு வாங்கினார். வியட்நாம் முடிந்ததும் வளைகுடா. நம் ஆட்கள் துபாய்க்கும் சவுதிக்கும் கிளம்பிய அதே எழுபதுகளில்தான் கொரியக் கொத்தனாரும் லாரி டிரைவரும் சவுதியின் ஜுபைல் துறைமுகத்துக்குப் போனார்கள். மாதாமாதம் பணம், கேசட்டில் பதிவு செய்த குரல், அப்பாவை அடையாளம் தெரியாத குழந்தை. இதை நம் கீழக்கரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளும் போனார்கள். இதைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. போருக்குப் பிறகு தொடங்கிய வெளிநாட்டுத் தத்து, நாடு பணக்காரனாக ஆக அதிகரித்தது. 1985இல் மட்டும் 8,800க்கும் மேல். பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் அனாதை என்று பதிந்து அனுப்பினார்கள் என்று 2025இல் உண்மை ஆணையம் சொன்னது.

வெளியே போய்விட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. 1967இல் ஐரோப்பாவில் இருந்த கொரியர்கள் சிலரை உளவுத்துறை ஏமாற்றியும் கடத்தியும் சியோலுக்குக் கொண்டுவந்தது, கிழக்கு பெர்லின் வழியாக வட கொரியாவோடு தொடர்பு என்று. அதில் ஒருவர் இசையமைப்பாளர் இசாங் யுன். பழங்காலக் கல்லறைச் சுவரோவியத்தைப் பார்க்க வடக்கே போயிருந்தார். ஆயுள் தண்டனை. சிறைக்குள் உட்கார்ந்து ஓபரா எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன் உட்பட உலக இசைக்கலைஞர்கள் சுமார் 200 பேர் கையெழுத்திட்டதும் 1969இல் விட்டார்கள். ஜெர்மன் குடிமகனானார், 1995இல் பெர்லினில் இறக்கும் வரை ஊருக்கு வரவில்லை. 2018இல்தான் அவர் எச்சங்கள் கடலோர ஊரான தோங்யோங்குக்கு வந்தன. அதே வழக்கில் பாரிஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓவியர் லீ உங் நோ, சிறையில் சோயா சாஸை மையாக்கி வரைந்தார், மிச்சச் சோற்றைப் பிசைந்து உருவம் செய்தார். 1973இல் டோக்கியோ ஓட்டலிலிருந்து கடத்தப்பட்ட எதிர்க்கட்சி அரசியல்வாதி கிம் டே ஜுங் ஐந்து நாள் கழித்துச் சியோலில் தன் வீட்டருகே இறக்கிவிடப்பட்டார். அவர்தான் 1998இல் ஜனாதிபதியானார்.

சுன் காலம் நிறத்தில் வேறு. ஊரடங்கை எடுத்தார், கலர் டிவி வந்தது, தொழில்முறை பேஸ்பால் வந்தது, பள்ளிச் சீருடை போனது. ராத்திரி 9 மணிக்கு டிவியில் 'தேங்' என்று மணியடித்ததும் "ஜனாதிபதி சுன் டூ ஹ்வான் அவர்கள் இன்று..." என்று செய்தி தொடங்கும். மக்கள் அதற்கு 'தேங்-சுன் செய்தி' என்று பெயர் வைத்தார்கள். பார்க் யோங் சிக் என்ற நடிகருக்கு வழுக்கைத் தலை, சுன் சாயல். அந்தக் குற்றத்துக்காகவே அவர் பல வருடம் டிவியில் தலைகாட்ட முடியவில்லை. பாட்டு இசைத்தட்டு எதுவானாலும் கடைசியில் அரசு மெச்சும் 'ஆரோக்கியமான பாட்டு' ஒன்று இருக்க வேண்டும். காதல் தோல்விப் பாட்டெல்லாம் முடிந்து கடைசியில் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒன்று வரும்.

இந்த நிறத்துக்கெல்லாம் முன்னால், 1980 மே 18இல், குவாங்ஜு. ராணுவச் சட்டத்தை எதிர்த்த மாணவர்கள் மேல் பாராசூட் படையை ஏவினார்கள். ஊரே எழுந்தது. டாக்சி டிரைவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து ராணுவத்தின் முன் நின்றார்கள். படை பின்வாங்கிய சில நாட்கள் ஊர் மக்கள் கையில் இருந்தது. சந்தைப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், ரத்தம் கொடுக்க வரிசை நின்றது, ஒரு வங்கிகூடக் கொள்ளை போகவில்லை. 27ஆம் தேதி விடியுமுன் ராணுவம் திரும்பி வந்து முடித்தது. இறந்த பொதுமக்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 160க்கும் மேல். காணாமல் போனவர்கள் தனி.

தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. சியோலில் இருந்தவர்களுக்குக் கலவரம் என்றுதான் செய்தி. ஜெர்மன் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர் டாக்சியில் உள்ளே போய்ப் படம் எடுத்து, பிஸ்கட் டின்னில் சுருளை மறைத்து டோக்கியோ வழியாக அனுப்பினார். ஜெர்மனியில் ஒளிபரப்பானபோது அதைப் பார்த்துக் கதறியவர்கள் யார்? பார்க் அனுப்பிய அந்த நர்ஸுகளும் சுரங்கத் தொழிலாளர்களும். பிற்பாடு அந்தப் படம் வீடியோ கேசட்டாகக் கொரியாவுக்குள் வந்து, தேவாலயங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஜன்னலை மூடிக்கொண்டு பார்க்கப்பட்டது. மார்க் சம்பாதிக்கத் திறந்த கதவு வழியாகவே உண்மையும் உள்ளே வந்தது.

1987 ஜனவரியில் பார்க் ஜோங் சோல் என்ற மாணவனை விசாரணையில் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள். "மேஜையை டக்கென்று தட்டினோம், 'உக்' என்று செத்துவிட்டான்" என்றது போலீஸ். ஜூன் 10 அன்று நாடு தழுவிய போராட்டம். அமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்த நேரம் மாலை 6 மணி. கொடி இறங்கும் நேரம். கீதம் வரும்போது எல்லோரும் நிற்கத்தானே வேண்டும்? நில்லுங்கள், பாடுங்கள், வண்டியில் இருப்பவர்கள் ஹாரன் அடியுங்கள் என்றார்கள். பத்து வருடமாக ஜனங்களை அசையாமல் நிற்கவைத்த அந்த நிமிடத்தில் சியோல் முழுக்க ஹாரன் அலறியது. டை கட்டிய ஆபீஸ்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 29இல் நேரடித் தேர்தலுக்கு ஆட்சி ஒத்துக்கொண்டது.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய ஜனாதிபதி யூன் சுக் யோல் திடீரென ராணுவச் சட்டம் அறிவித்தபோது, நள்ளிரவில் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடி வந்து படைவண்டிகளை மறித்தவர்களில் நரைத்த தலைகள் நிறைய இருந்தன. உள்ளே 190 உறுப்பினர்கள் வாக்களித்து ரத்து செய்தார்கள். ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அப்புறம், வெளிநாடு போய்வர முடிந்ததா என்ற கேள்விக்கு நேரான பதில் பாக்கி. 1983இல் 50 வயது தாண்டியவர்கள், வங்கியில் 20 லட்சம் வோன் ஒரு வருடம் போட்டு வைத்தால் சுற்றுலா போகலாம் என்றார்கள். எல்லோருக்கும் கதவு திறந்தது 1989 ஜனவரி 1. தெருவில் 6 மணிக்கு நிற்கும் வழக்கமும் அந்த வருடத் தொடக்கத்தில்தான் போனது. அப்போதும் பாஸ்போர்ட் வாங்குமுன் ஒரு வகுப்பில் போய் உட்கார வேண்டும். வெளிநாட்டில் வட கொரிய ஆட்கள் வந்து பேச்சுக் கொடுத்தால் எப்படி நழுவுவது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். 1992இல் அந்த வகுப்பையும் மூடிவிட்டார்கள்.